வில்லோ பெண்டின் முதல் கையெழுத்து

முதல் கையெழுத்தை யார் போடுவது என்ற பேச்சு வந்தபோது பிலீனா ஸ்ட்ராண்ட் தலையைக் குனிந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். பேனா ஓடியதே தவிர மனம் அதில் இல்லை. தன் பெயரைச் சொன்னதும் திடுக்கிட்டதுபோல் நிமிர வேண்டும், "ஐயோ, நான் எதுக்கு?" என்று ஒரு தடவை மறுக்க வேண்டும், மறுபடி வற்புறுத்தினால் சரி என்று சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று அந்தத் திடுக்கிடலை இரண்டு தடவை பழகியும் பார்த்தாயிற்று.

"நம்ம தியோலிந்தா போடட்டுமே" என்றாள் தலைவி ஒட்டிலி பர்ஜ்.

பிலீனா நிஜமாகவே திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பழகியது வீண் போகவில்லை.

நூலக மண்டபத்தில் இருந்த பதினெட்டுப் பெண்களும் கை தட்டினார்கள். பதினெட்டில் பிலீனாவும் அடக்கம். தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அவளும் தட்டினாள்.

விஷயம் சின்னதில்லை. போன மாதம்தான், 1911 அக்டோபர் பத்தாம் தேதி, கலிபோர்னியா ஆண்கள் வரிசையில் நின்று, பெண்களுக்கு ஓட்டு கொடுக்கலாமா கூடாதா என்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் தோற்றுவிட்டது என்று பத்திரிகைகள் எழுதிக் கருமாதி செய்தன. பிறகு சிற்றூர்களின் கணக்கு ஒவ்வொன்றாக வந்து சேர, மயிரிழையில் ஜெயித்துவிட்டது. வில்லோ பெண்டில் ஆதரவு இருநூற்றுப் பதினான்கு, எதிர்ப்பு இருநூற்று மூன்று. ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை மாவட்டக் கிளார்க்கின் ஆள் வாக்காளர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இதே மண்டபத்துக்கு வரப்போகிறார். பத்திரிகையிலிருந்து படம் பிடிக்கவும் ஆள் வருகிறது. ஊரின் முதல் பெண் வாக்காளர் என்று ஒருத்தியின் முகம் அச்சில் ஏறும். அந்த ஒருத்தி யார் என்பதில் பிலீனாவுக்கு இம்மியும் சந்தேகம் இருந்ததில்லை.

ஒன்பது வருடமாக அவள்தான் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர். ஒட்டிலி பர்ஜ் டாக்டர் புருஷனோடு இந்த ஊருக்கு வந்தே மூன்று வருடம்தான் ஆகிறது. பிலீனா இங்கேயே பிறந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா அமெரிக்க விடுதலைப் போரில் இங்கிலாந்து ராஜாவுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர். சட்டப் புத்தகம் பிலீனாவுக்கு மனப்பாடம். பெண்ணுக்குச் சொத்தில் என்ன உரிமை, பிள்ளை மேல் என்ன உரிமை என்று எழுதி அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தவள் அவள். நாய் துரத்தியிருக்கிறது. ஒரு வீட்டில் அழுக்குத் தண்ணீரை மேலே ஊற்றியிருக்கிறார்கள். கடைசியில் பார்த்தால், படத்துக்கு நிற்கப்போவது தியோலிந்தா.

தியோலிந்தா யார்? ஆறு வருடத்துக்கு முன்னால் அசோர்ஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்த போர்த்துகீசியப் பெண். பிலீனாவின் அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது அவர்கள் வீட்டில் சமையலுக்கும் துணிக்கும் இருந்தவள். ரொட்டிக்கும் ரிப்பனுக்கும் என்ன பெயர் என்று அப்போது பிலீனாதான் சொல்லிக் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண் ஸ்டேஷன் மாஸ்டர் ஏமஸ் ப்ரூயிட்டைக் கட்டிக்கொண்டு, தொப்பியில் இறகு வைத்துக்கொண்டு, சங்கத்திலும் வந்து உட்கார்ந்துவிட்டாள். அதுவரை "அம்மா" என்று கூப்பிட்டவள், கல்யாணமான மறுநாளிலிருந்து "பிலீனாக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அந்த "அக்கா" காதில் விழும்போதெல்லாம் பிலீனாவுக்குப் பல்லில் மணல் கடிபட்டது மாதிரி இருக்கும்.

இவ்வளவுக்கும் காரணம் ஜூலை மாதத்து அந்த ஷெட். ஆப்ரிகாட் பழம் வெட்டும் கொட்டகையில் இருநூறு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் பேசினால் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம், அண்ணனிடம் சொல்வார்கள் என்று சங்கம் கணக்குப் போட்டது. பிலீனா சங்கத்தின் மஞ்சள் பட்டை அணிந்து, பெட்டி மேல் ஏறி நின்று, சுதந்திரப் பிரகடனத்தில் தொடங்கி முக்கால் மணி நேரம் பேசினாள். நல்ல பேச்சு. ஒரு கத்திகூட நிற்கவில்லை, ஒரு தலைகூட நிமிரவில்லை.

அப்புறம் தியோலிந்தா. அவள் பெட்டி மேல் ஏறவில்லை. ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்து, மற்றவர்களோடு சேர்ந்து பழத்தைப் பிளந்து தட்டில் அடுக்க ஆரம்பித்தாள்.

"கை பாட்டுக்கு நடக்கட்டும்டி, காது மட்டும் இங்க வையுங்க. எங்க வீட்டுக்காரருக்குப் போன குளிர்ல காய்ச்சல். மூணு நாள் நான்தான் ரயிலுக்குக் கொடி காட்டினேன். மூணு நாளும் ரயில் நின்னுச்சு. அத்தாம்பெரிய எஞ்சினுக்கே கொடி காட்டறது ஆம்பளையா பொம்பளையான்னு தெரியல. இத்துனூண்டு ஓட்டுப் பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?"

கத்திகள் நின்றன. ஷெட்டே சிரித்தது.

"வீட்டுல போய்ச் சொல்லுங்க. சூப்பைத் தட்டுல ஊத்தறதுக்கு முன்னாடி சொல்லுங்க. ஊத்தின பிறகு எவன் காதுலயும் ஏறாது."

அந்தச் சூப் கதை நாலு ஊருக்குப் பரவியது. வில்லோ பெண்டை ஜெயித்துக் கொடுத்தது தியோலிந்தாவின் சூப்தான் என்று ஆண்களே சொல்லிச் சிரித்தார்கள். பிலீனாவின் ஒன்பது வருடத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. அதை அவள் நெஞ்செரிச்சல் என்று நினைத்து டாக்டர் பர்ஜிடம் மருந்துகூட வாங்கிக் குடித்தாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பிலீனா எழுந்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே. தியோலிந்தா இந்த நாட்டுல பொறந்தவ இல்ல. அன்னிக்குக் கிளார்க் ஆபீஸ்காரர், எல்லார் முன்னாடியும் 'உன் குடியுரிமைக் காகிதம் எங்க?'ன்னு கேட்டா இவளுக்குத்தானே அவமானம்? நான் கிளார்க்குக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுடறேன். பதிலைக் கூட்டத்துலயே சத்தமா படிச்சுடுவோம். அப்புறம் யாரும் ஒண்ணும் பேச முடியாது."

"அதுவும் சரிதான்" என்றாள் ஒட்டிலி.

"கேளுங்கக்கா. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள் தியோலிந்தா. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பிலீனா எழுத உட்கார்ந்தாள். அவள் கணவர் இங்வால் மேஜையின் மறுமுனையில் உப்பு மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நார்வேக்காரர், குதிரைச் சேணம் தைக்கும் கடை வைத்திருப்பவர், பேச்சைக் கிலோக் கணக்கில் அல்ல, குன்றிமணிக் கணக்கில் செலவழிப்பவர். முப்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் வேண்டாம் என்றிருந்த பிலீனா 1908இல் இவரைக் கட்டிக்கொண்டதற்கு அந்த அமைதியும் ஒரு காரணம். அவள் பேச்சுக்கு நடுவில் அவர் வரமாட்டார்.

அன்றைக்கு வந்தார்.

"எதுக்கு இந்தக் கடிதம்?"

"சட்டம் தெரிஞ்சுக்கத்தான்."

"அந்தப் பொண்ணு போட்டுட்டுப் போகட்டுமே. விட்டுடேன்."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க மீனைச் சாப்பிடுங்க."

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தாள். தியோலிந்தாவின் பெயர் மட்டும் பளிச்சென்று தனியாக நின்றது. பார்ப்பவர்கள் பொறாமை என்று நினைத்துவிடுவார்களே. அதனால் நல்ல செயலாளரைப் போல ஒரு காரியம் செய்தாள். சங்கத்தின் பதினெட்டுப் பெண்களின் பெயரையும், அவரவர் பிறந்த ஊரையும், கல்யாணமான வருடத்தையும், கணவர் பெயரையும் பட்டியலாக எழுதினாள். "இவர்களில் யார் யார் பதிவு செய்யத் தகுதியுள்ளவர்கள் என்று சரிபார்த்துத் தெரிவிக்கவும்" என்று அடியில் சேர்த்தாள்.

இங்வால் எட்டிப் பார்த்தார். முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"எல்லார் பேரும் எதுக்கு?"

"எல்லார் பேரோடயும் சேர்ந்து அவ பேரும் போனா யாருக்கும் சந்தேகம் வராது."

"பிலீனா..."

"என்ன?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஒண்ணுமில்ல" என்றார். மீன் பாதியில் கிடந்தது.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. சங்கத்தின் முகவரிக்கு, ஒட்டிலியின் பெயருக்கு வந்தது. டிசம்பர் கூட்டத்தில் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உறையை எல்லார் முன்னாலும் பிரித்தாள். மண்டபத்தில் கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்காகக் கட்டிய பச்சைக் கிளைகளின் வாசனை. பிலீனா குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தியோலிந்தாவின் முகம் தெரியும்படி நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"தங்கள் பட்டியலை எங்கள் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம்" என்று ஒட்டிலி படித்தாள். "மணமான பெண்ணின் நாடு எது என்பது அவள் கணவரின் நாடு எது என்பதைப் பொறுத்தது. திருமதி தியோலிந்தா ப்ரூயிட் அமெரிக்கக் குடிமகனை மணந்த நாளிலிருந்தே அமெரிக்கர் ஆகிறார். அவருக்குத் தனிக் காகிதம் எதுவும் தேவையில்லை. பட்டியலிலுள்ளவர்களில் பதினேழு பேர் தாராளமாகப் பதிவு செய்துகொள்ளலாம்."

"பதினெட்டு" என்று பிலீனா திருத்தினாள். எழுத்துப் பிழையைப் பொறுக்காதவள்.

ஒட்டிலி மேலே படிக்காமல் நிறுத்திவிட்டாள். கடிதத்தின் கீழ்ப்பகுதியில் அவள் கண் ஓடியது. "மிச்சத்தை அப்புறமா பாத்துக்கலாமே" என்றாள்.

"ஏன்? சத்தமா படிக்கறதுன்னுதானே முடிவு? படிங்க."

ஒட்டிலி பெருமூச்சு விட்டுப் படித்தாள்.

"திருமதி பிலீனா ஸ்ட்ராண்டின் கணவர் நெப்ராஸ்கா மாநிலத்தில் குடியுரிமைக்கான முதல் காகிதம், அதாவது குடிமகனாக விரும்புகிறேன் என்ற அறிவிப்பு, மட்டுமே வாங்கியிருக்கிறார். 1904இல் இங்கே பதிவு செய்ய வந்தபோது, இரண்டாம் காகிதம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார். அதன் பிறகு அவர் விண்ணப்பிக்கவில்லை. எனவே 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவரை மணந்த நாளிலிருந்து திருமதி ஸ்ட்ராண்ட் அமெரிக்கர் அல்ல. அவர் நார்வே நாட்டவர்."

இறந்துபோன கொள்ளுத்தாத்தாவைத் தவிர எல்லாருடைய பார்வையும் பிலீனாவின் மேல் இருந்தது. நார்வேயை அவள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறாள். அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்தது 'நன்றி' என்ற ஒரு சொல்.

"அது எப்படி? பிலீனாக்கா இந்த ஊர்லதானே பொறந்தாங்க? தப்பா எழுதிட்டாங்க போல" என்று தியோலிந்தாதான் முதலில் பேசினாள். குரலில் பதற்றம்.

அந்தப் பரிதாபம் பிலீனாவை அறைந்தது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். குறிப்பேட்டை மூடினாள், தொப்பியை எடுத்தாள், வெளியே நடந்தாள்.

இங்வால் கடையில் ஒரு சேணத்தை மடியில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் வந்த வேகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"நெப்ராஸ்கால ஓட்டுப் போட்டேன்னு சொன்னீங்களே?"

"போட்டேனே. அங்க முதல் காகிதம் இருந்தாலே விட்டுடுவாங்க. எங்க ஊர்க்காரங்க எல்லாரும் அப்படித்தான் போட்டோம். அதோட முடிஞ்சுதுன்னு நெனைச்சோம். இங்க வந்து பேர் எழுதப் போனேன். அந்தக் கிளார்க் காகிதத்தைப் பாத்துட்டுப் பக்கத்துல இருந்தவன்கிட்ட காட்டிச் சிரிச்சான். திரும்பி வந்துட்டேன்."

"ரெண்டாம் காகிதம் வாங்கியிருக்கலாமே?"

"கோர்ட்டுல நிக்கணும். ஜட்ஜ் கேள்வி கேப்பார். எனக்கு நாக்கு எழாது பிலீனா."

"கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு தேர்தல் வந்துச்சு. கடையப் பூட்டிட்டுப் போனீங்களே?"

"ஆத்தங்கரைக்குப் போவேன். கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன்."

அவள் அடுத்த கேள்வியைக் கேட்கப் பயந்தாள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அக்டோபர் பத்தாம் தேதி?"

"அன்னிக்கும் ஆத்தங்கரைதான்" என்றார்.

அன்றைக்கு அவருக்காக அவள் ஆப்பிள் பை சுட்டு வைத்திருந்தாள். 'போட்டீங்களா?' என்று வாசலிலேயே கேட்டாள். 'ம்' என்றார். அந்த ஒரு 'ம்'மை நம்பி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள், பதினோரு ஓட்டு அதிகத்தில் ஒன்று எங்கள் வீட்டு ஓட்டு என்று. அந்த ஏமஸ் ப்ரூயிட் காலை ஏழு மணி ரயிலை அனுப்பிய கையோடு ஓடிப் போய் முதல் ஆளாகத் தன் பெண்டாட்டிக்காக ஓட்டுப் போட்டவன். தியோலிந்தாவுக்கு அவள் புருஷன் நாட்டையும் கொடுத்தான், ஓட்டையும் கொடுத்தான். தன் புருஷன் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். பிலீனா அன்று அழுதது சட்டத்துக்காக இல்லை. தியோலிந்தாவுக்கு வாய்த்தது தனக்கு வாய்க்கவில்லையே என்றுதான்.

"ரெண்டாம் காகிதம் வாங்கறேன். கோர்ட்டுக்குப் போறேன். நாக்கு எழுந்தாலும் சரி, எழாட்டாலும் சரி" என்றார் இங்வால்.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை காலையில் தியோலிந்தா பிலீனாவின் வீட்டு வாசலில் நின்றாள். கையில் இன்னும் சூடு ஆறாத இனிப்பு ரொட்டி. புது நீல கவுன், இறகுத் தொப்பி, குறுக்கே மஞ்சள் பட்டை. அழகாகத்தான் இருந்தாள். அதுவும் பிலீனாவுக்கு வலித்தது.

"அக்கா, நான் இன்னிக்கு முதல்ல போடல. யாராவது போடட்டும். நீங்க வீட்டுல இருக்கும்போது நான் அங்க நின்னு பல்லைக் காட்டிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

பெருந்தன்மை. இதுவும் இவளுக்கே வாய்த்திருக்கிறது. ஒரு நார்வேக்காரிக்கு இரங்கி ஓர் அமெரிக்கக்காரி விட்டுக்கொடுக்கிறாள். தான் மட்டும் ஒன்றையும் விட்டுக்கொடுக்கும் நிலையில்கூட இல்லை.

"போய்ப் போட்டுத் தொலை. உன் பிச்சை எனக்கு வேண்டாம்" என்றாள் பிலீனா.

தியோலிந்தாவின் முகம் சிவந்தது. ரொட்டியைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். புதன்கிழமைப் பத்திரிகையில் அவள் படம் வந்தது. பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிலீனா அந்தப் பக்கத்தை அடுப்பில் போடப் போய், போடாமல், இழுப்பறையில் வைத்து, ஒரு நாளைக்கு நான்கு தடவை எடுத்துப் பார்த்தாள்.

குடியுரிமை விண்ணப்பத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். இருவரும் அமெரிக்கர்களாக இருக்க வேண்டும், விண்ணப்பிப்பவரை ஐந்து வருடமாவது அறிந்திருக்க வேண்டும், விசாரணை நாளில் நீதிபதி முன்னால் நின்று நல்லவர் என்று சத்தியம் செய்ய வேண்டும். இங்வால் ஒரு நாள் மத்தியானம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்து, சட்டைக் காலரைத் தளர்த்தினார்.

"சாட்சி யாரு?" என்று பிலீனா கேட்டாள்.

"ஒண்ணு தீவனக் கடைக்காரர்."

"இன்னொண்ணு?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தியோலிந்தா."

"என்னது! ஊர்ல வேற மனுஷங்களே இல்லையா?"

"இருக்காங்க. ஏமஸால ஸ்டேஷனை விட்டு வரமுடியாது. உங்க அப்பா இருந்தப்போ நான் உங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சதுலேர்ந்து அந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியும். அஞ்சு வருஷமா என்னைத் தெரிஞ்சவங்க, வேலைநாள்ல வேலையை விட்டுட்டு வரக்கூடியவங்க, என்மேல கோவமில்லாதவங்க, இந்த மூணும் சேர்ந்தவங்க ரெண்டே பேர்தான் பிலீனா."

"என்மேல அவளுக்குக் கோவம் இருக்கு."

"சாட்சி எனக்குத்தானே."

மூன்று மாதம் பிலீனா அவருக்குப் பாடம் நடத்தினாள். ஜனாதிபதி யார், மாநிலங்கள் எத்தனை, சட்டம் இயற்றுவது யார். அவர் தோலைத் தைத்துக்கொண்டே ஒப்பித்தார். ஏப்ரல் கடைசியில் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நாலு பேரும் ஒரே ரயிலில் மாவட்டத் தலைநகருக்குப் போனார்கள். பிலீனா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தியோலிந்தா தீவனக் கடைக்காரரோடு கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள்.

நீதிமன்றத்தில் வெளிநாட்டவருக்கென்று பின்னால் நீள பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பிலீனா அங்கேதான் உட்கார வேண்டியிருந்தது. ஒரு பக்கம் இத்தாலியக் குடும்பம், மறுபக்கம் பூண்டு வாசனையோடு ஒரு கிழவர். சாட்சிகளுக்கு முன்வரிசையில் முதுகு சாயும் நாற்காலி. தியோலிந்தாவின் தொப்பி இறகு அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

இங்வால் பெயர் கூப்பிட்டார்கள். ஜனாதிபதி சரி. மாநிலங்களும் சரி. "இந்த நாட்டுக்குச் சட்டம் இயற்றுறது யாரு?" என்று நீதிபதி கேட்டார். இங்வாலின் கழுத்து சிவந்தது. நாக்கு எழவில்லை.

"காங்கிரஸ்!" என்றாள் பிலீனா பின்னாலிருந்து. அமெரிக்க நாடாளுமன்றத்தின் அந்தப் பெயர் மூன்று மாதமாக அவள் நாக்கில் ஊறிப்போயிருந்தது.

நீதிபதி தலையைத் தூக்கினார். "யாரும்மா அது?"

"அவர் மனைவி. நான் இங்கேயே பொறந்தவ ஐயா. எங்க கொள்ளுத்தாத்தா..."

"கொள்ளுத்தாத்தா விண்ணப்பம் போடலியே. இவரைப் பத்தி என்ன முடிவாகுதோ அதுதான் உங்களுக்கும். பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தாள். இத்தாலியக்காரி அவள் முழங்காலில் ஆறுதலாகத் தட்டினாள். தீவனக் கடைக்காரர் நாலே சொல்லில் சாட்சி சொல்லிவிட்டு இறங்கினார். நீதிபதிக்கு இன்னும் திருப்தி வரவில்லை. புருவத்தைச் சுளித்தபடியே அடுத்த சாட்சியைக் கூப்பிடச் சொன்னார்.

தியோலிந்தா எழுந்தாள். கை லேசாக நடுங்கியது. அவளுக்குக் கூட்டமென்றால் பயமில்லை, கோர்ட்டு என்றால் பயம் போலிருக்கிறது. இங்கே அவள் ஒரு சொல் மாற்றிச் சொன்னால் போதும். எத்தனை வருடம் என்று கேட்டு நாலு என்று வாய்தவறினால் போதும். விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். பிலீனா இலையுதிர்காலத்து ஜனாதிபதித் தேர்தலைக் கோட்டை விடுவாள். ஒன்பது வருட உழைப்பில் மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். அது தெரிந்தும், தியோலிந்தா தடுமாற வேண்டும் என்று பிலீனா ஆசைப்பட்டாள். மனதார ஆசைப்பட்டாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவள் நாலு பேர் முன்னால் வாயடைத்து நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். தன் ஓட்டுப் போனாலும் போகட்டும்.

சத்தியம் செய்துவிட்டுத் திரும்பிய தியோலிந்தாவின் கண் கூட்டத்தில் தேடிப் பிலீனாவின் முகத்தில் வந்து நின்றது. பிறகு அவள் நீதிபதி பக்கம் திரும்பினாள். கை நடுங்கவில்லை.

"இவரை எத்தனை வருஷமா தெரியும்?"

"ஆறு வருஷம் ஆகப்போகுது ஐயா. 1906 ஜூன் மாசம், ஞாயித்துக்கிழமை, அந்தம்மா வீட்டுக்கு முதல்முதல்ல வந்தார். நான்தான் காபி கொடுத்தேன். மூணு கப் குடிச்சார். ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கும் அப்படித்தான். அவருக்குக் காங்கிரஸ் தெரியாம இல்ல ஐயா, வாய்தான் தெரியாது."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியின் உதடும் கொஞ்சம் நெளிந்தது.

"அரசியல் சட்டத்து மேல மதிப்பு உள்ளவரா?"

"அந்த வீட்டுல மதிப்பில்லாம இருக்க முடியாது ஐயா. காலையில ரொட்டியும் அரசியல் சட்டமும்தான். நான் இந்த நாட்டுக்கு வந்து பாத்த முதல் அமெரிக்கக்காரி இவரோட மனைவிதான்."

"சட்டப்படி அவங்க இப்ப நார்வேக்காரிம்மா."

"சட்டத்துக்கு அவங்களைத் தெரியாது ஐயா. எனக்குத் தெரியும்."

நீதிபதி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். இங்வால் வலது கையைத் தூக்கி, தடுமாறாமல், நார்வே ராஜாவை உதறித் தள்ளிச் சத்தியம் செய்தார். பின்பெஞ்சில் உட்கார்ந்தபடியே பிலீனா மறுபடி அமெரிக்கர் ஆனாள். அவளை யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

வெளியே படிக்கட்டில் வெயில் அடித்தது. இங்வாலும் தீவனக் கடைக்காரரும் புகையிலை வாங்க எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். வாக்காளர் பதிவு அறை அதே கட்டிடத்தில்தான் இருந்தது, ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். தியோலிந்தா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.

பிலீனாவுக்கு நன்றி என்ற சொல் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது.

"நீ உளறணும்னு நெனைச்சேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"உங்க மூஞ்சியைப் பாத்தேன். நடுங்கிட்டுத்தான் ஏறினேன். அதைப் பாத்ததும் நடுக்கம் போயிடுச்சு." தியோலிந்தா ஒரு படி கீழே இறங்கி நின்றாள். "அந்தக் கடிதம் எதுக்குன்னும் அன்னிக்கே தெரியும். நான் படிக்காதவதான், முட்டாள் இல்ல."

"தெரிஞ்சுமா வந்தே?"

"உங்க வீட்டுல இருந்தப்போ நான் சமையல்கட்டுல நின்னு உங்களையே பாத்துட்டிருப்பேன். நீங்க மேஜைல உக்காந்து படிப்பீங்க, எழுதுவீங்க. வந்தவங்க எல்லாரும் உங்ககிட்ட எழுந்து நின்னு பேசுவாங்க. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு எரியும். இவங்களா இருக்கணும், இவங்களா மட்டும் இருந்தா போதும்னு தோணும். பாத்திரத்தைக்கூட உடைச்சிருக்கேன். உங்களுக்குத் தெரியாது."

பிலீனாவுக்கு அடிவயிற்றில் சூடாக, இனிப்பாக ஏதோ பரவியது. ஒன்பது மாதமாக இல்லாத இதம். "நெஜமாவா?" என்றாள். குரலில் இருந்த ஆவலை அவளால் மறைக்க முடியவில்லை.

"சத்தியமா. ரொம்ப நாள் அப்படி இருந்தேன்." தியோலிந்தா தொப்பியை மாட்டி ஊசியைச் செருகிக்கொண்டாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. அக்கறையாகக்கூட இருந்தது. "இப்ப இல்லக்கா. நேரமாச்சு, வாங்க, அவங்க மூடறதுக்குள்ள பேர் எழுதிட்டு வந்துடலாம்."

பிலீனா அவள் பின்னால் போனாள். கிளார்க் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். எந்த வழியில் குடியுரிமை என்று கேட்டார். கணவர் வழியில் என்று சொன்னாள். வில்லோ பெண்டின் பெண்களில் இருநூற்றுப் பத்தொன்பதாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். பேனா, மை, பதிவேடு எதுவும் அவள் கண்ணில் படவில்லை. 'இப்ப இல்லக்கா' என்று தியோலிந்தா சொன்னதுதான் காதில் நின்றது: தன்னைப் பார்த்து அவள் இனி எரியமாட்டாள். தியோலிந்தாவின் ஓட்டையும் படத்தையும் தாங்கிக்கொண்டவளால் அந்த ஒன்றைத் தாங்க முடியவில்லை.